துப்பாக்கி இருக்கும் ஊரில் பிள்ளைக்கு எதைச் சொல்லித்தருவது? நான்கு வழிகள், ஒரு ஒப்பீடு

டெக்சஸில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர் தங்களுக்குள் பேசிக்கொள்ளாத விஷயம் ஒன்று உண்டென்றால் அது துப்பாக்கிதான். எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் நல்லது, வீட்டு வரி எவ்வளவு ஏறியிருக்கிறது, பரதநாட்டிய வகுப்பு எங்கே நடக்கிறது என்று வாட்ஸாப் குழுவில் நாள் முழுக்கப் பேச்சு ஓடும். பிள்ளை சனிக்கிழமை விளையாடப் போகிற வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, இருந்தால் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று அங்கே யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் அமெரிக்காவில் பத்துப் பெரியவர்களில் ஏறக்குறைய நாலு பேர் துப்பாக்கி உள்ள வீட்டில்தான் வசிக்கிறார்கள். டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து, 21 வயது நிரம்பி, சட்டத் தடை எதுவும் இல்லாதவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு வெளியே நடமாடலாம். நம் பிள்ளைகள் பிறந்தநாள் விருந்துக்கும் ஸ்லீப்ஓவருக்கும் போகிற வீடுகள் இவைதாம். நம்மவர்களிலும் பாதுகாப்புக்கென்று ஒன்று வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஆக, முடிவெடுத்தே ஆகவேண்டும். பெற்றோர் கையில் நான்கு வழிகள் இருக்கின்றன: பேசாமலே இருந்துவிடுவது, "தொடாதே, ஓடு, சொல்" என்று மனப்பாடம் பண்ணவைப்பது, துப்பாக்கியைக் கையில் கொடுத்து முறையாகப் பழக்குவது, பிள்ளையை விட்டுவிட்டுப் பெரியவர்களைத் திருத்துவது, அதாவது நாம் பூட்டுவது, அடுத்தவர் வீட்டில் பூட்டியிருக்கிறதா என்று கேட்பது. நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்காவதுதான் அடித்தளம். இரண்டாவதை மனப்பாடமாக இல்லாமல் ஒத்திகையாகச் செய்தால் அதன்மேல் கட்டலாம். மூன்றாவது சில பிள்ளைகளுக்கு, வயது வந்தபின். முதலாவதை விட்டுவிட வேண்டும்.

பேசாமல் இருப்பது

"நம்ம வீட்லதான் துப்பாக்கியே இல்லையேக்கா. இப்பவே எதுக்குப் பிள்ளையப் பயமுறுத்தணும்?" என்று தோழி ஒருத்தி என்னிடம் கேட்டாள். பாசத்தில் வருகிற கேள்விதான். ஆனால் அவள் மகன் பள்ளியில் லாக்டவுன் ட்ரில்லுக்காக (துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் ஒளிந்துகொள்ளும் ஒத்திகை) விளக்கை அணைத்துவிட்டு மேசைக்கடியில் உட்கார்ந்து பழகிய பையன். வீடியோ கேமில் ரகம் ரகமான துப்பாக்கிகளின் பெயர் அவனுக்குத் தெரியும். தீபாவளிக்கு ஊருக்குப் போனால் பொட்டு வெடி வைத்த துப்பாக்கியை மாமா நெஞ்சுக்கு நேராக நீட்டிச் சுடுவான், மாமாவும் செத்த மாதிரி விழுவார், வீடே சிரிக்கும். பேசாமல் இருக்கிற வீட்டிலும் பிள்ளை துப்பாக்கியைப் பற்றிக் கற்றுக்கொண்டுதான் இருக்கிறான். ஆளை நோக்கி நீட்டினால் விளையாட்டு என்று கற்றுக்கொள்கிறான்.

அந்தக் கல்வி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அட்லாண்டாவில் நடத்திய ஆய்வு ஒன்று காட்டியது. பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில் 2001-ல் வந்தது. 8 முதல் 12 வயதுப் பையன்கள் 64 பேரை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டார்கள். ஒரு இழுப்பறையில் இரண்டு தண்ணீர்த் துப்பாக்கிகள். இன்னொன்றில் நிஜமான .380 கைத்துப்பாக்கி, சுடாது, ஆனால் விசையை அழுத்தினால் அடுத்த அறையில் தெரியும்படி கருவி பொருத்தியது. ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் ஆய்வாளர்கள். காத்திருப்பு அதிகபட்சம் கால் மணி நேரம்.

29 குழுக்களில் 21 குழு நிஜத் துப்பாக்கியைக் கண்டெடுத்தது. அதில் 16 குழு கையில் எடுத்தது. 10 குழுவில் ஒருவனாவது விசையை அழுத்தினான். கண்டெடுத்த பையன்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது நிஜமா பொம்மையா என்றே நிச்சயமில்லை. பொம்மைத் துப்பாக்கிகளுக்கு முனையில் ஆரஞ்சு அடையாளம் இருக்கவேண்டும் என்று இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. நிறத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்வது பிள்ளையின் வேலை என்று விட்டால் இதுதான் கதி. "நம் வீட்டுப் பொம்மைக் கூடையில் இல்லாத எந்தத் துப்பாக்கியும் நிஜம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது நல்லது.

பேசாமல் இருப்பவர்களை மட்டும் இந்த ஆய்வு சுடவில்லை. எடுத்துக் கையாண்ட, விசையை அழுத்திய பையன்களில் 90 சதவீதத்துக்கும் மேலானோர் துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றி ஏதோ ஒரு விதத்தில் ஏற்கெனவே பாடம் கேட்டவர்கள். "நாங்கதான் சொல்லி வச்சிருக்கோமே" என்கிற பெற்றோரும் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

நாலு வாக்கியப் பாடம்

அமெரிக்கப் பள்ளிகளில் அதிகம் புழங்கும் பாடம் எடி ஈகிள் என்ற கழுகுப் பொம்மை சொல்வது. துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் என்.ஆர்.ஏ. அமைப்புக்காக மேரியன் ஹேமர் என்பவர் 1988-ல் உருவாக்கியது. மழலைப் பள்ளியிலிருந்து நான்காம் வகுப்பு வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கு நாலே வாக்கியம்: நில்; தொடாதே; ஓடிப்போ; பெரியவரிடம் சொல். என்.ஆர்.ஏ.யின் அரசியல் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. அதற்காக இந்த நாலு வாக்கியத்தைத் தூக்கிப்போட மாட்டேன். மூன்று வயதுப் பிள்ளைக்கும் விளங்கும், செலவில்லை, துப்பாக்கி நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்குள் பிள்ளையை இழுப்பதும் இல்லை.

குறை எங்கே என்றால், வாய்க்கும் கைக்கும் நடுவில். ரேமண்ட் மில்டன்பர்கரும் அவருடைய குழுவினரும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில் நாலைந்து வயதுப் பிள்ளைகளுக்கு எடி ஈகிள் பாடத்தைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். கேட்டால் பிள்ளைகள் நாலு வாக்கியத்தையும் அச்சுப் பிசகாமல் ஒப்பித்தன. தனியாக விட்டு, எதிரே ஒரு துப்பாக்கி கிடக்கிறபோது செய்து காட்டவில்லை. திருக்குறளை ஒப்பித்துப் பரிசு வாங்கிவந்த பிள்ளையை வீட்டில் வைத்திருக்கிற நமக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

அதே குழுவினர் அடுத்து செய்ததுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சொல்லிக்கொடுத்து, நடித்துக் காட்டி, பிள்ளையைச் செய்யச்சொல்லி, சரியாகச் செய்தால் பாராட்டி, தப்பினால் திருத்தி மறுபடி செய்யவைத்தார்கள். அதன்பிறகு பிள்ளை எதிர்பார்க்காத நேரத்தில், எதிர்பார்க்காத இடத்தில், சுட முடியாதபடி முடக்கிய துப்பாக்கி ஒன்றை வைத்துவிட்டு மறைந்து நின்று பார்த்தார்கள். பிள்ளை தடுமாறினால் அந்த இடத்திலேயே உள்ளே நுழைந்து, "இப்ப என்ன பண்ணணும்?" என்று கேட்டு அங்கேயே பலமுறை செய்யவைத்தார்கள். இந்தக் கடைசிப் படியைச் சேர்த்தபிறகுதான் அத்தனை சின்னப் பிள்ளைகளும் தொடாமல் விலகி ஓடி, பெரியவரிடம் போய்ச் சொன்னார்கள். பள்ளியில் தீ விபத்து ஒத்திகையை எப்படிச் செய்கிறார்களோ அப்படி: மணி அடித்தால் வரிசையில் நடந்து வெளியே போய்ப் பழகியிருக்க வேண்டும். புத்தகத்தில் படித்திருந்தால் போதாது.

வீட்டில் இதைச் செய்ய நிஜத் துப்பாக்கி தேவையில்லை, கட்டாயம் வேண்டாம். பார்ப்பதற்கு நிஜம் போன்ற பொம்மையோ ஒரு படமோ போதும். சோபா மெத்தைக்கடியில் ஒருநாள், கார் முன்பக்கப் பெட்டியில் ஒருநாள், விருந்தாளி விட்டுப்போன கைப்பை மாதிரி ஒரு பையில் ஒருநாள். இரண்டு விஷயத்தை விடாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று, துணைக்கு ஒரு பிள்ளை: "ஏய், எங்கப்பாவோடது, உனக்கு மட்டும் காட்டறேன், யார்கிட்டயும் சொல்லாத" என்று இன்னொருவன் சொல்லும்போது என்ன செய்வது என்பதையும் நடிக்கவைக்க வேண்டும். ஆய்வுகளில் பிள்ளைகளை ஜோடி ஜோடியாக விட்டுப் பார்ப்பதே இதனால்தான். நிஜ வாழ்வில் பெட்டியைத் திறப்பவன் பெரும்பாலும் நண்பன்தான். இரண்டு, வந்து சொன்ன பிள்ளையைத் திட்டக்கூடாது. "நீ ஏன் அவங்க ரூமுக்குப் போன?" என்ற கேள்வி ஒருமுறை வாயில் வந்துவிட்டால், அடுத்தமுறை பிள்ளை நம்மிடம் வராது.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லிப் பார்ப்பதே ஓரளவு பலிக்கிறது. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சோஃபி கேர்விக், பிராட் புஷ்மன் இருவரும் நடத்திய ஆய்வு 2023-ல் வந்தது. 8 முதல் 12 வயது வரைக்கும் 226 பிள்ளைகள். சீருடையில் ஒரு போலீஸ் தலைவர் பேசும் ஒரு நிமிட வீடியோவைப் பாதிப்பேருக்குக் காட்டினார்கள். அது துப்பாக்கிப் பாதுகாப்பு. மீதிப்பேருக்கு அவரே பேசும் கார் பாதுகாப்பு வீடியோ. ஒரு வாரம் கழித்து ஜோடி ஜோடியாக விளையாட விட்டார்கள். இழுப்பறையில் முடக்கிய கைத்துப்பாக்கிகள். துப்பாக்கி வீடியோ பார்த்தவர்களில் 34 சதவீதம் பேர் பெரியவரிடம் வந்து சொன்னார்கள். மற்றவர்களில் 11 சதவீதம். விசையை அழுத்தியவர்கள் 9 சதவீதம், மற்றவர்களில் 30. ஒரே ஒரு நிமிடத்துக்கு இது பெரிய பலன். ஆனாலும் வீடியோ பார்த்தவர்களிலேயே பத்துக்கு நாலு பேர் துப்பாக்கியைத் தொட்டிருக்கிறார்கள். சொல்லித்தருவது நிச்சயம் உதவுகிறது. அதை மட்டும் நம்பிப் பிள்ளையை விட முடியாது. இரண்டையும் இந்த ஒரே ஆய்வு சொல்கிறது.

கையில் கொடுத்துப் பழக்குவது

டெக்சஸ், மொன்டானா, பென்சில்வேனியா பக்கத்துக் கிராமத்துக் குடும்பங்களில் பலர் நம்புவது இந்த வழியைத்தான். மூடி வைத்தால்தான் ஆசை வரும். திறந்து காட்டி, கனத்தை உணரவைத்து, சத்தத்தைக் கேட்கவைத்து, தர்பூசணி சிதறுவதைப் பார்க்கவைத்தால் பிள்ளைக்கு மரியாதை வந்துவிடும் என்பது அவர்கள் வாதம். தாத்தா அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தார், அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்தார் என்று சொல்கிறவர்களை அலட்சியமாகப் பார்க்க எனக்கு மனமில்லை. வேட்டைப் பாதுகாப்புக் கல்வியை நியூயார்க் மாநிலம் 1949-லேயே கட்டாயமாக்கியது. இன்று ஐம்பது மாநிலங்களிலும் அது நடக்கிறது. டெக்சஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக்குப் போக அந்தப் படிப்பை முடித்திருக்க வேண்டும். ஒன்பது வயதிலிருந்து சான்றிதழ் வாங்கலாம்.

முறையாக நடக்கும் பயிற்சி எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 4-எச் என்ற இளையோர் அமைப்பின் துப்பாக்கி சுடும் பிரிவில் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்கு முதலில் கொடுப்பது காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைஃபிள். அதற்கும் முன்னால் வகுப்பறைப் பாடம். ரேஞ்சில், அதாவது சுடும் திடலில், கண்ணுக்குக் கண்ணாடி. ரைஃபிள்கள் எல்லாம் குழல் இலக்கைப் பார்த்தபடி, தோட்டா போடும் அறையைத் திறந்து அதில் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் துண்டு செருகி, உள்ளே ஒன்றுமில்லை என்று தூரத்திலிருந்தே தெரியும்படி கிடக்கும். பயிற்சியாளர் சொல்லும்வரை யாரும் சுடும் கோட்டைத் தாண்டி முன்னே போவதில்லை, ரைஃபிளைத் தொடுவதும் இல்லை. விரல் விசைக்கு வெளியே, கட்டைமேல் நீட்டியபடி இருக்கும். "சீஸ் ஃபயர்" என்று யார் கத்தினாலும், எட்டு வயதுப் பெண் கத்தினாலும், அத்தனை பேரும் நிறுத்த வேண்டும். இதிலெல்லாம் பொறுமையும் அடக்கமும் வருகிறது. அதை மறுக்க மாட்டேன்.

அமெரிக்க மரைன் படையில் பணியாற்றிய ஜெஃப் கூப்பர் வகுத்ததாகச் சொல்லப்படும் நான்கு விதிகளைத் துப்பாக்கி பிடிக்கும் எல்லாரும் அறிவார்கள்: எந்தத் துப்பாக்கியும் தோட்டா போட்டதாகவே கொள்; அழிக்க நினைக்காத எதன்மேலும் குழலைத் திருப்பாதே; குறி பார்க்கும்வரை விரலை விசைமேல் வைக்காதே; இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். துப்பாக்கியைத் தொடவே போகாத பிள்ளைக்கும் முதல் இரண்டு விதி தெரிந்திருக்கலாம். பொட்டு வெடித் துப்பாக்கியையும் தண்ணீர்த் துப்பாக்கியையும் முகத்துக்கு நேரே நீட்டக்கூடாது என்ற பழக்கம் அங்கிருந்தே தொடங்கட்டும். மாமாக்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஆனால் இந்தப் பயிற்சி எல்லாம் பெரியவர் ஒருவர் தோளருகே நிற்கும்போது நடக்கிறது. விபத்து நடப்பது அவர் இல்லாதபோது. ரேஞ்சில் அடக்கமாக இருந்த பிள்ளை, யாருமில்லாத மத்தியானம் நண்பனோடு படுக்கையறையில் இருக்கும்போதும் அப்படியே இருப்பான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அட்லாண்டா ஆய்வில் பாடம் கேட்டவர்கள்தாம் விசையை அழுத்தினார்கள். கிராமப்புற அலபாமாவில் 201 பெற்றோரையும் அவர்கள் பிள்ளைகளையும் தனித்தனியாகக் கேட்ட ஆய்வு ஒன்று 2006-ல் வந்தது. துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று என் பிள்ளைக்குத் தெரியாது என்று சொன்ன பெற்றோரில் 39 சதவீதம் பேரின் பிள்ளைகள் தெரியும் என்றார்கள். என் பிள்ளை தொட்டதே இல்லை என்றவர்களில் 22 சதவீதம் பேரின் பிள்ளைகள் தொட்டிருக்கிறோம் என்றார்கள். பாதுகாப்பு பற்றிப் பிள்ளையிடம் பேசியிருந்த பெற்றோரும் இதில் மற்றவர்களைவிடச் சரியாகக் கணித்துவிடவில்லை.

பழக்கம் பெரியவரையே காப்பதில்லை என்பதற்கு 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோவின் ஹேடன் நகரில் நடந்தது போதும். கடைக்கு வந்த தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை வண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை எடுத்துவிட்டது. தாய் அங்கேயே இறந்தார். துப்பாக்கிக்குப் பழகிய பெண்தான்.

ஊரிலிருந்து வருகிற உறவினர்களை லாஸ் வேகஸ் பக்கம் அழைத்துப் போகும்போது, "மெஷின் கன் சுட்டுப் பார்க்கலாமே" என்று சுற்றுலா ரேஞ்சுகளில் நிறுத்துகிற வழக்கம் நம்மிடமும் வந்துவிட்டது. பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவதைப் பயிற்சி என்று எண்ண வேண்டாம். 2014 ஆகஸ்டில் அரிசோனாவின் ஒயிட் ஹில்ஸில் அப்படியொரு ரேஞ்சில், ஒன்பது வயதுச் சிறுமியின் கையில் உஸி (Uzi) என்ற இயந்திரத் துப்பாக்கியைத் தானியங்கி நிலையில் கொடுத்தார்கள். உதைப்பைத் தாங்க முடியாமல் அது மேலே எகிற, பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். அந்தப் பிள்ளையின் மேல் எந்தத் தவறும் இல்லை.

என் கணக்கு இது: பிள்ளை தானாக ஆர்வம் காட்டினால், பத்து வயதுக்கு மேல், சான்று பெற்ற பயிற்சியாளர் இருக்கும் இடத்தில், ஏர் ரைஃபிளில் தொடங்கலாம். ஒலிம்பிக்கில் 2008-ல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான், அழகான விளையாட்டு. விளையாட்டாக அதை மதிக்கலாம். வீட்டில் பூட்டாமல் கிடக்கும் துப்பாக்கிக்கு அது மாற்று மருந்தல்ல.

பதின்ம வயதை இந்தப் பாடம் எட்டாது

1 முதல் 19 வயது வரைக்குமான அமெரிக்கப் பிள்ளைகளின் மரணத்துக்கு முதல் காரணமாகத் துப்பாக்கி 2020-லிருந்து இருக்கிறது. அதில் தவறுதலாக வெடித்துச் சாவது சிறு பங்குதான். மிகப் பெரிய பங்கு கொலை, அடுத்தது தற்கொலை. எடி ஈகிளோ ரேஞ்சுப் பயிற்சியோ தற்கொலையைத் தொடுவதே இல்லை. பதினாலு பதினைந்து வயதில் மார்க்குக்காகவோ, பிரிவுக்காகவோ, சொல்லத் தெரியாத எதற்காகவோ மனம் உடைந்து நிற்கிற பிள்ளைக்கு "தொடாதே" என்ற பாடத்தால் ஒரு பயனும் இல்லை. துப்பாக்கியைக் கையாளத் தெரிந்த பிள்ளையென்றால் ஆபத்து இன்னும் கூடுதல். வேறு வழிகளில் முயல்கிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிழைத்துக்கொள்கிறார்கள். துப்பாக்கியில் பிழைப்பவர்கள் மிகக் குறைவு. அந்த ஒரு மணி நேரத்தைக் கடக்கவைப்பது பூட்டு ஒன்றுதான்; சாவி எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாத பூட்டு. பிள்ளையின் போக்கில் மாற்றம் தெரிந்தால் துப்பாக்கியை வீட்டைவிட்டே அப்புறப்படுத்திவிட வேண்டும். 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்; பெற்றோரும் அழைக்கலாம்.

மிஷிகனின் ஆக்ஸ்ஃபர்டில் 2021 நவம்பர் 30 அன்று பதினைந்து வயதுப் பையன் பள்ளியில் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். சில நாள் முன்புதான் அப்பா அவனுக்கென்று கைத்துப்பாக்கி வாங்கினார்; அம்மா ரேஞ்சுக்குக் கூட்டிப்போய்ப் பழக்கினார். வீட்டில் அதை அவன் எடுக்க முடியாதபடி வைக்கவில்லை. 2024-ல் பெற்றோர் இருவருக்கும் 10 முதல் 15 ஆண்டு சிறை கிடைத்தது. அந்த வீட்டில் பழக்குதல் நடந்தது, பூட்டு நடக்கவில்லை.

பூட்டுவதும் கேட்பதும்

துப்பாக்கி வைத்திருக்கும் நம்மவர்கள் இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். குழந்தை நல மருத்துவர்களின் அமெரிக்க அகாடமி சொல்வது, துப்பாக்கி இல்லாத வீடே பிள்ளைக்கு மிகப் பாதுகாப்பு. இருந்தால் தோட்டா எடுத்து, பூட்டி, தோட்டாவைத் தனியாகப் பூட்டி வையுங்கள் என்பது. வெறும் உபதேசம் இல்லை இது. டேவிட் கிராஸ்மன் குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகள் தற்கொலை முயற்சியிலோ தவறுதலாகவோ துப்பாக்கியால் காயப்பட்ட வீடுகளை மற்ற வீடுகளோடு ஒப்பிட்டார்கள். துப்பாக்கியைப் பூட்டி வைத்த வீடுகளில் அந்த வாய்ப்பு 73 சதவீதம் குறைவு. தோட்டா எடுத்து வைத்த வீடுகளில் 70 சதவீதம் குறைவு. தோட்டாவைப் பூட்டியதில் 61, தனியிடத்தில் வைத்ததில் 55. பிள்ளைக்கு என்ன பாடம் நடத்தினாலும் இப்படி ஒரு பலன் கிடைத்ததாக நான் படித்ததில்லை.

அலமாரி மேல்தட்டு பூட்டு அல்ல. மெத்தைக்கடி பூட்டு அல்ல. மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளில் நாலில் ஒன்றுக்குப் பல கைத்துப்பாக்கிகளின் விசையை அழுத்துமளவு விரலில் பலம் இருக்கிறது என்று 1995-ல் அளந்தே பார்த்திருக்கிறார்கள்; ஏழெட்டு வயதில் பத்தில் ஒன்பது பேருக்கு. நாற்காலியை இழுத்துப்போட்டு முறுக்கு டப்பாவை எடுக்கத் தெரிந்த பிள்ளைக்கு மேல்தட்டு எட்டும்.

மிக மலிவான பூட்டு கேபிள் பூட்டு. பிளாஸ்டிக் உறை போட்ட எஃகுக் கம்பி. தோட்டா அடுக்கிய மேகசினை எடுத்துவிட்டு, தோட்டா உறை வெளியே வரும் திறப்பு வழியாக உள்ளே விட்டு, மேகசின் நுழையும் துளை வழியாக வெளியே இழுத்து, இரண்டு முனையையும் சின்னப் பூட்டில் மாட்டினால் துப்பாக்கி மூடவே மூடாது, சுடவும் முடியாது. ப்ராஜெக்ட் சைல்ட்சேஃப் திட்டம் இதை நாடு முழுக்க 4 கோடிக்கும் மேல் கொடுத்திருக்கிறது. பல ஊர்களில் போலீஸ் நிலையத்தில் போய்க் கேட்டால் காசில்லாமல் தருவார்கள். "திருடன் வந்தால் பூட்டைத் திறந்துகொண்டிருக்க முடியுமா?" என்பவர்களுக்கு, விரல் வைத்தால் அல்லது எண் அழுத்தினால் நொடியில் திறக்கும் சின்னப் பெட்டிகள் இருக்கின்றன, கட்டில் பக்கத்தில் திருகி வைக்கலாம். டெக்சஸில் இது சட்டப் பிரச்சினையும்கூட: தோட்டா போட்ட துப்பாக்கியை அலட்சியமாக வைத்து, அது 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கையில் கிடைத்துவிட்டால் 1995-லிருந்து குற்றம்.

இனி, துப்பாக்கி வைத்துக்கொள்ளாத நம் பெரும்பான்மைக்கு. பூட்டாமல், தோட்டாவோடு துப்பாக்கி கிடக்கிற வீடுகளில் இந்த நாட்டில் ஏறக்குறைய 46 லட்சம் பிள்ளைகள் வாழ்கிறார்கள். அவர்களில் சிலர் நம் பிள்ளையின் வகுப்பில் இருப்பார்கள். அந்த வீட்டுப் பூட்டு நம் கையில் இல்லை. கேள்வி நம் கையில் இருக்கிறது. கேட்கத்தான் நமக்குக் கூச்சம். அழைத்தவர் மனம் நோகுமோ, வெள்ளைக்காரர் என்ன நினைப்பாரோ என்று. கூச்சத்துக்கு மருந்து, கேள்வியைத் தனியாகக் கேட்காமல் கூட்டத்தோடு கேட்பது. புது வீட்டுக்கு முதல்முறை அனுப்புமுன் நான் அனுப்பும் மெசேஜ் ஏறக்குறைய இதுதான்: "அழைத்ததற்கு நன்றி. அவளுக்கு முந்திரி அலர்ஜி, அதற்கான எபிபென் ஊசி பையில் இருக்கும். வீட்டில் நாய், நீச்சல் குளம் இருக்கிறதா? துப்பாக்கி இருந்தால் பூட்டி வைத்திருக்கிறீர்களா? எல்லா வீட்டிலும் கேட்பேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்." துப்பாக்கி வைத்திருப்பவர்கள்தாம் பெரும்பாலும் சட்டென்று பதில் சொல்கிறார்கள், சேஃபில் இருக்கிறது, சாவி என்னிடம் என்று சொல்வதில் அவர்களுக்கு ஒரு பெருமையும் இருக்கிறது. தமிழ் வீட்டிலும் இதே கேள்வியைக் கேட்கிறேன். "எங்க வீட்லயா கேக்கறீங்க?" என்று ஒரு அண்ணன் சிரித்தார், ஒரு நொடி கழித்து, "இருக்கு, ஆனா பூட்டிதான் இருக்கு" என்றார்.

பதில் வராமல் போனாலோ, "கவலைப்படாதீங்க, மேல ஒளிச்சு வச்சிருக்கோம்" என்று வந்தாலோ வாதம் செய்ய வேண்டியதில்லை. "அப்படின்னா இந்த வாரம் உங்க பிள்ளைய எங்க வீட்டுக்கு அனுப்புங்க, மத்தியானம் தோசை ஊத்தித் தர்றேன்" என்று சொல்லிவிட்டால் நட்பும் கெடாது, பிள்ளையும் நம் கண்முன் விளையாடும்.